பூசைக்கு முந்தி மிஷினை அணைத்த மெகருன்னிசா

போன வியாழக்கிழமை காலை பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். போன் அடித்தது. எங்கள் கல்லூரியில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்ற சொக்கலிங்கம் சார். "வள்ளி, நம்ம மெகர் போயிருச்சும்மா. தூக்கத்துலயே..." என்றவர் தேம்பித் தேம்பி அழுதார். நான் அழவில்லை. நம்பினால்தானே அழுவதற்கு!

மெகருன்னிசா எங்கள் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையின் பொறுப்பாளர். நான் தேர்வுப் பிரிவு. இருவருக்கும் ஒரே வயது. இங்கே 'அவர்' என்று எழுதினால், "என்னடி, என்னையக் கெழவியாக்கிட்ட?" என்று சண்டைக்கு வருவாள். அதனால் அவள்தான்.

மதிப்பெண், கட்டணம் எல்லாம் இருக்கும் எங்கள் சர்வர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளக் குடும்பத்தது. பட்டனை அமுக்கியதும் வேலைக்கு வந்துவிடாது. கறுப்புத் திரையில் வரிவரியாக ஏதோ ஓடும். முதலில் அதன் மூளையான கெர்னல் விழித்துத் தன் மெமரியும் டிஸ்க்கும் இருக்கின்றனவா என்று பார்க்கும். பிறகு 'இனிட்' என்ற ஒரு புரோகிராமை எழுப்பும். அது மற்றவற்றை எழுப்பும். அவசரக்காரி நான், வாசலில் நின்று கத்துவேன். "அது இன்னும் மூஞ்சியே கழுவல, அதுக்குள்ள மார்க்கு கேக்குறியா? போய் டீயக் குடி" என்பாள்.

அணைப்பது அதைவிடப் பெரிய காரியம். எல்லோருடைய திரையிலும் அவள் அனுப்பிய வரி வந்து விழும்: கடையைச் சாத்தப் போகிறேன், சேவ் பண்ணிவிட்டு வெளியே வாருங்கள். அதோடு விடமாட்டாள். மாடியேறி வந்து, "யாராச்சும் இன்னும் உள்ள இருக்கீகளா?" என்று மேசை மேசையாகக் கேட்பாள். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால் விளக்கம் வரும்: "நீங்க எழுதுனதுல கொஞ்சத்த அது மெமரியிலயே வச்சிருக்கும். டிஸ்குல எழுதி முடிக்க விட்டுட்டுத்தான் கரண்ட எடுக்கணும்."

ஓர் ஆயுத பூசைக்கு மெகர் விடுப்பில், சிங்கம்புணரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். சொக்கலிங்கம் சார் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தார். பூசைக்கு வைத்த எதுவும் அன்று வேலை செய்யக் கூடாதே! சர்வர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "பாவம், இதுவும் ஓய்வெடுக்கட்டும்" என்று பின்னாலிருந்த வயரைப் பிடுங்கி, பொட்டு வைத்து, சூடம் காட்டிவிட்டார்.

விடுமுறை முடிந்து வந்து பட்டனை அமுக்கினால் சர்வர் எழும்போதே பாதியில் நிற்கிறது. அன்று மாலைக்குள் மதிப்பெண்கள் பல்கலைக்கழகத்துக்குப் போயாக வேண்டும். சார் ஓய்வு பெறுவதும் அந்த மாதக் கடைசியில்தான். விசாரணை என்று வந்தால் பென்ஷன் நின்றுவிடும். மனிதருக்கு வியர்த்து ஊற்றியது. நானோ, "ஒங்கள யாரு சார் அதத் தொடச் சொன்னது?" என்று வராந்தாவே அதிரக் கத்தினேன்.

மெகர் வந்தாள். சர்வரின் நெற்றியில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "யாரு பண்ணுனதுன்னு அப்பறம் பாப்பம். மொதல்ல என்ன மிஞ்சியிருக்குன்னு பாப்பம். சார், நீங்க இங்குட்டு வந்து உக்காருங்க" என்றாள்.

டிஸ்க்கைச் சோதிக்க விட்டாள். மதிப்பெண் கோப்புகள் இருந்தன, அந்தக் கோப்புகளின் பெயர்கள்தான் போயிருந்தன. அப்படி அநாதையானவற்றை வெறும் நம்பர் போட்டு 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற இடத்தில் போட்டு வைப்பது அந்த மிஷினின் வழக்கம். மெகர் ஒவ்வொன்றாகத் திறந்தாள். சார் உள்ளே இருந்த மாணவர் பெயர்களைப் பார்த்து, "இது ரெண்டாம் வருசம் கெமிஸ்ட்ரி... இது காமர்ஸ்" என்று சொல்லச் சொல்ல, பழைய பெயர்களைத் திரும்ப வைத்தாள். நாலு மணிக்கெல்லாம் அனுப்பியாகிவிட்டது.

முதல்வர் என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "மிஷினு பூசைக்கு லீவு எடுத்துச்சு சார், இப்ப வேலைக்கு வந்திருச்சு" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் தானே சர்வரை முறையாக அணைத்துவிட்டு, ஓய்வுபெற்ற சாரை வீட்டிலிருந்து வரவழைப்பாள். "இப்ப வைங்க சார் பொட்டு, எம்புட்டு வேணுமோ வைங்க!"

நேற்று, எங்கள் பிரிவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ராமநாதன், ஒரு வகுப்பின் மதிப்பெண் முழுவதையும் அழித்துவிட்டுக் கைகட்டி நின்றார். எனக்குத் திட்டு வாய் வரை வந்துவிட்டது. மெகரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான், அதுவும் நேற்றுத்தான் முதல்முறையாகக் கைக்கு வந்தது. வாய்க்கு வந்ததை விழுங்கிவிட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காருங்க சார், சேந்து தேடுவம்" என்றேன். அவர் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.