மாப்பிள்ளைக்குப் போட்ட மூன்று கணக்குகள்

சாச்சியைப் பெண் பார்க்க வந்தவர்களை மூன்று கணக்குப் போட்டு மடக்கியவள் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு; புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. உம்மாவின் தங்கையான சாச்சி எங்கள் வீட்டில்தான் இருந்தார். எண் புதிர் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நானும் அவரும் ஒருவரையொருவர் மடக்கப் பார்ப்பதே அந்த வருடத்துப் பொழுதுபோக்கு.

அதற்கு முன்பு இரண்டு இடங்களைச் சாச்சி வேண்டாம் என்றிருந்தார். இந்த மூன்றாவது இடத்தார் நுரைச்சோலையிலிருந்து வேனில் எங்கள் ஊர் பாலாவிக்கு வந்து இறங்கியதும் அறைக்குள் போன சாச்சி, வெளியே வரமாட்டேன் என்றுவிட்டார். "தட்டத்தைத் தூக்கிக்கொண்டு காட்சிப் பொருளாட்டம் நிக்கேலாது ராத்தா" என்று உம்மாவிடம் அவர் சொன்னது, அறைவாசல் திரைச்சீலையைத் தாண்டி எனக்கே கேட்டது.

உம்மாவின் முகம் வெளிறிவிட்டது. வாப்பா மூன்றாவது தடவையாக வெயிலைப் பற்றிக் கதைத்தார். மாப்பிள்ளையின் உம்மா சுவர்க் கடிகாரத்தையும் திரைச்சீலையையும் மாறி மாறிப் பார்த்தார். மாப்பிள்ளை மட்டும் ஆறிப்போன தேநீரைக் கையில் பிடித்தபடி, பக்கத்துக் கதிரையிலிருந்த என்னிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டார்.

பதிலுக்கு நான் ஒரு கணக்கைப் போட்டேன். பத்து அடிக் கிணற்றில் ஒரு தவளை விழுந்துவிட்டது, பகலில் மூன்று அடி ஏறும், இரவில் இரண்டு அடி வழுக்கும், எத்தனையாம் நாள் வெளியே வரும் என்று கேட்டேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார். "நாளைக்கு ஒரு அடி. அப்ப பத்தாம் நாள்."

திரைக்குப் பின்னால் ஒரு செருமல். பிறகு சாச்சியின் குரல்: "ஏழு நாள்ல ஏழு அடி. எட்டாம் நாள் மூணு அடி ஏறினா வெளிய வந்திரும். வெளிய வந்த தவளை என்னத்துக்குத் திரும்ப வழுக்குது?"

வாப்பா வெயிலை விட்டுவிட்டார். மாப்பிள்ளை திரையைப் பார்த்து, "ஓம், அது சரிதான்" என்று பணிவாக ஒப்புக்கொண்டார்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒன்பது தேங்காயில் ஒன்று மட்டும் கனம் கூடியது, தராசில் எத்தனை தரம் நிறுத்தால் அதைக் கண்டுபிடிக்கலாம் என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்து, எட்டுத் தரம் என்றார்.

"ரெண்டே தரம்" என்றது திரை. இப்போது அது வாசலின் பாதிவரை விலகியிருந்தது. "மூணு மூணாக் கூறு பிரிச்சு, ரெண்டு கூறை எதிரெதிரா வைங்க. தாழ்ற பக்கத்துல இரிக்கும். சமமா நிண்டா மிச்சக் கூறுல. பொறகு அந்த மூணுல ரெண்ட நிறுத்தாப் போதும், அதே மாதிரி."

மூன்றாவது, தோற்கவே முடியாத கணக்கு. மனத்தில் ஓர் எண்ணை நினைத்து, இரட்டித்து, பத்தைக் கூட்டி, பாதியாக்கி, நினைத்த எண்ணைக் கழிக்கச் சொன்னேன். எதை நினைத்தாலும் அது கழிந்துபோய், கூட்டிய பத்தில் பாதியான ஐந்துதான் மிஞ்சும். அவருக்குப் பதினொன்று வந்தது.

"வராது" என்றேன்.

"எனக்கு வருதே மகள்."

திரைச்சீலை முழுவதும் விலகியது. சாச்சி, தட்டமும் இல்லாமல், கூடத்தின் நடுவில் வந்து நின்றார். "நீங்க நினைச்ச இலக்கம் என்ன?"

"ஆறு."

"இரட்டிச்சா பன்னிரண்டு. பத்தோட இருபத்திரண்டு. பாதி பதினொண்டு. ஆறக் கழிக்க மறந்திட்டீங்க."

"ஓம்," என்றார் அவர், சாச்சியின் முகத்தைப் பார்த்தபடி, "அதத்தான் மறந்திட்டேன்."

சாச்சி அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய், புதிதாகத் தேநீர் ஊற்றி எடுத்து வந்து அவரே கொடுத்தார்.

அவர்கள் போனதும், அந்த ஆளுக்குக் கூட்டல் கழித்தலே தெரியாது, சாச்சிக்கு வேண்டாம் என்று உம்மாவிடம் நான் திட்டமாகச் சொன்னேன். சாச்சியோ கேட்ட மாத்திரத்தில் ஓம் என்றுவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. அந்த மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று உம்மாவிடம் கேட்டேன்.

"பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறார்" என்றார் உம்மா.

அந்தப் பிள்ளைகளின் கதியை நினைத்து நான் பல நாள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.