நுரை நின்ற மத்தியானம்

மெல்பர்ன் புறநகரான டார்னெய்ட்டில் எங்கள் வீட்டுக் கராஜில் கார் நின்றதே இல்லை. ஒரு பழைய ஃபிரிட்ஜ், அதற்குள் பீர் நிரப்பிய எஃகுப் பீப்பாய், பக்கத்துச் சுவரோடு கேஸ் சிலிண்டர். சனிக்கிழமைகளில் நானும் கூட வேலை பார்த்த ஒருவனும் அங்கேதான் ஸ்டவுட் என்கிற கருப்பு பீர் காய்ச்சினோம். நான் மெஷின் பழுதுபார்க்கும் குளிர்பதனக் கிடங்கில் அவன் இறைச்சிப் பெட்டி ஏற்றினான். யாழ்ப்பாணத்துக்காரன், படகில் அகதியாக வந்தவன். பல வருடங்களாகத் தற்காலிக விசாதான். என்னை அண்ணை என்பான்.

சுவை எங்களுக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டது. நுரைதான் வரவில்லை. பப்பில் ஊற்றித் தருகிற ஸ்டவுட்டின் மேல் பாலாடை போல ஒரு படலம் கடைசி வாய்வரை நிற்கும். எங்களுடையது சோப்புத் தண்ணீராகப் பொங்கி, கிளாஸைக் கையில் எடுப்பதற்குள் அடங்கிவிடும். நைட்ரஜன் கலந்த கேஸ் வாங்கினோம். உள்ளே துளைத் தட்டு வைத்த ஸ்டவுட் குழாய் வாங்கினோம். அப்போதும் அதே கதை. முதலிலேயே பீரில் சாதாரண கார்பன் டை ஆக்சைடு கேஸை அளவுக்கு மேல் ஏற்றிவிடுகிறோம் என்பது, பல பீப்பாய்களைச் சாக்கடையில் கொட்டிய பிறகுதான் புரிந்தது. அடுத்த தடவை அதையெல்லாம் வெளியேற்றி, பீர் குமிழியில்லாமல் ஏறக்குறையச் செத்துப்போகும்வரை விட்டு, நைட்ரஜன் கலவையை நல்ல அழுத்தத்தில் ஒரு வாரம் வைத்திருந்தோம்.

அந்த வாரம் முடிந்த சனிக்கிழமை மத்தியானம் நகரின் வடக்கே கிரெய்கிபர்னிலிருந்து என் மனைவியின் அண்ணன் வந்திருந்தார். கோபம் வந்தால் கை நீட்டுகிறவர். என் மனைவியே கல்யாணத்துக்கு முன்பு அவரிடம் அடி வாங்கியவள்தான். வரும்போதே குடித்திருந்தார். கராஜுக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஸ்பேனரால் குழாயின் நட்டை இறுக்கிவிட்டு அவன் கிளாஸைச் சாய்த்துப் பிடித்தான். கிளாஸுக்குள் பழுப்பு நிறம் புகைபோலக் கீழ்நோக்கி இறங்கியது. மெல்ல அடியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. மேலே வெண்ணெய் நிறத்தில் இரண்டு விரல் தடிமனுக்கு நுரை. காத்திருந்தோம். அது அசையவில்லை.

"அண்ணை, பாருங்கோ! நிக்குது!" என்று கத்தினான். விருந்தாளி என்பதால் முதல் கிளாஸை என் மச்சானிடம் நீட்டினான்.

அவர் வாங்கவில்லை. "போட்ல வந்தவன் கையால நான் குடிக்கணுமா? இவனையெல்லாம் வீட்டுக்குள்ள விடுறியே மாப்ள."

"வேண்டாமெண்டா விடுங்கோ அங்கிள்" என்று அவன் கிளாஸை என் பக்கம் திருப்பினான்.

"யாருக்குடா அங்கிள்?"

ஸ்பேனர் எப்போது அவர் கைக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. முதல் அடி புருவத்தைக் கிழித்தது. கிளாஸ் தரையில் சிதறியது. இரண்டாவது தோளில் விழுந்தபோது எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவன் மச்சானைவிடப் பலசாலி. தினமும் இறைச்சிப் பெட்டிகளைத் தூக்குகிறவன். ஆனால் அடிபட்ட கை தொங்க, மற்றக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான். திருப்பி ஒரு அடி அடித்தால் போலீஸ் வழக்கு. வழக்கு வந்தால் விசா போய்விடும். முகத்தில் ரத்தம் வழிய அவன் அதை யோசித்துக்கொண்டிருந்தான்.

நான் யோசிக்கவில்லை. மச்சானின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். என் கையைக் கடித்தார். இருவரும் சிலிண்டர் மேல் விழுந்தோம், ரப்பர் குழாய் பிய்ந்து விசிலடித்தது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினேன். பற்கள் உடைவது என் விரல் முட்டியில் தெரிந்தது. அப்புறமும் குத்தினேன். ஒற்றைக் கையால் என்னைப் பிடித்து இழுத்தவன் அவன்தான். "விடுங்கோ அண்ணை! ஆள் செத்துப்போகும்!"

கிளாஸ் உடைந்த சத்தத்துக்கே உள்கதவில் வந்து நின்றுவிட்ட என் மனைவி முதலில் ஓடிச் சிலிண்டரை மூடினாள்.

பக்கத்து வீட்டார் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். "நான் விழுந்தனான் எண்டு சொல்லுங்கோ, அக்கா" என்று அவன் அவளிடம் கெஞ்சினான். வாயைப் பொத்திக்கொண்டே அவள் அண்ணனும் சொன்னார்: "கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுத்துடாத."

போலீஸிடம் அவள் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினாள். அடித்தது தன் அண்ணன், அடி வாங்கியவர் கையைக்கூடத் தூக்கவில்லை, பிறகு தன் கணவரும் அடித்தார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

மச்சான் மேல் வழக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது. என்னை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். அவன் விசாவுக்கு எதுவும் ஆகவில்லை. முன்பு இருந்த நிலையிலேயே இருந்தது. திருச்சியிலிருந்து மாமியார் போனில் அழுதபோது என் மனைவி, "அவன் இன்னொருத்தரை அடிச்சதுக்கு நான் ஏன்மா மன்னிப்புக் கேக்கணும்?" என்று வைத்துவிட்டாள்.

தோள் கூடிய பிறகும் அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஒருநாள் அவன் அறைக்கே போனேன். பால் விடாத பிளேன்ரீ போட்டுக் கொடுத்தான்.

"அவரை நெனச்சுப் பயப்படாத. இனி வரமாட்டார்" என்றேன்.

"அவரில எனக்குப் பயமில்லை அண்ணை" என்றான். "உங்களிலதான் பயம். அண்டைக்கு உங்கட முகத்தை நான் பாத்தனான்."

கோப்பை சூடாக இருந்தது. கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்ததும், "அடுத்த சனிக்கிழமை வர்றியா?" என்று கேட்டேன்.

 என் கோப்பையை வாங்கிக் கழுவினான்.

"அக்கா வீட்டில நிப்பா எண்டா வாறன்" என்றான்.