கல்யாணச் சாமானில் ஒரு ஜப்பான் பாட்டு

எங்கள் ஆச்சிக்குக் கல்யாணச் சாமான் சேர்க்கத் தொடங்கியபோது அவள் தொட்டிலில் கிடந்தாளாம். அக்காவைத்தான் எங்கள் வீடுகளில் ஆச்சி என்போம். பெண் பிறந்ததுமே ஒரு அண்டாவை வாங்கி அறையில் கவிழ்த்து வைப்பதும், பிறகு வருஷா வருஷம் அதன்மேல் அடுக்கிக்கொண்டே போவதும் செட்டிநாட்டு வழக்கம். காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு அறையில் எவர்சில்வர் குடமும் பீங்கான் பூசிய மங்குச் சட்டியும் பித்தளைத் தூக்கும் உத்தரத்தைத் தொட நின்றன. அத்தனையும் ஆச்சிக்கு. அவற்றில் ஒன்றையாவது அவளைக் கேட்டு வாங்கினார்களா என்றால், கிடையாது. அண்டாவைப் போய் யாராவது பெண்ணைக் கேட்டா வாங்குவார்கள்?

அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு ஜப்பான் இசைத்தட்டு.

அப்பச்சி, அதாவது எங்கள் தகப்பனார், சிங்கப்பூரில் மின்சாமான் கடை வைத்திருந்தார். ஆச்சியின் கல்யாணத்துக்காக ஊர் வந்தபோது ஜப்பானில் செய்த ரிக்கார்டு பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்தார். பெட்டி ஒழுங்காகப் பாடுகிறதா என்று பார்ப்பதற்காக, விற்றவர்கள் கூடவே ஒரு தட்டையும் கொடுத்திருந்தார்கள். நாலு ஜப்பான் இளவட்டங்கள் சேர்ந்து பாடிய தட்டு. நம்மூர்ப் பாட்டெல்லாம் மதுரையில் வாங்கிக்கொள்ளலாம் என்றார் அப்பச்சி. கல்யாண அலைச்சலில் மதுரைக்குப் போன ஒவ்வொரு தடவையும் மறந்தும் போனார். ஆக, சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் எங்கள் வீட்டில் பாடிக்கொண்டிருந்தவர்கள் அந்த நாலு பேர்தான்.

உறையில் நாலு பேரும் வெள்ளைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். காதை மூடிய முடி. கழுத்தில் சுருக்கு வைத்துத் தைத்த சட்டை. எழுத்து மேலிருந்து கீழே இறங்கியது. எது முதல் பக்கம் என்று வாங்கி வந்த அப்பச்சிக்கே தெரியாது. வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். "இதுக ஆம்பளைப் பிள்ளைகளா, பொம்பளைப் பிள்ளைகளா?" என்றார் பெரியப்பச்சி. மாவாட்டுவதற்குத் தாளம் தோதாக இருக்கிறது என்றார் சமையல்காரர். எங்கள் தாயாரான ஆத்தாவுக்கோ பாடுகிறவர்கள் மேல் இரக்கம்தான் வந்தது. "யாரு பெத்த பிள்ளைகளோ, இப்படித் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துதுக" என்று வருத்தப்பட்டாள்.

ஆச்சி தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், தூணில் சாய்ந்து ஓலைக்கொட்டான் முடைந்துகொண்டே கேட்பாள். தட்டில் எல்லாம் துள்ளாட்டப் பாட்டு. ஒன்று மட்டும் நிதானமானது. ஒருவர் தனியாகப் பாட, மற்றவர்கள் பின்னால் முனகுவார்கள். முள்ளைத் தூக்கித் தூக்கி அந்தப் பாட்டிலேயே வைப்பாள். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் தலையிலிருந்து கால்வரை மனப்பாடம். உறையில் இருந்தவர்களில் மூன்று பேருக்கு நெட்டையன், பல்லழகன், தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தாள். நாலாவது ஆளுக்குப் பெயர் வைக்கவில்லை. தனியாகப் பாடுவது அவர்தான் என்றாள். "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "தெரியும்டி, போடி" என்றாள்.

கல்யாணம் நெருங்கியபோது அப்பச்சி அவளைக் கூப்பிட்டு, "வேற என்னத்தா வேணும்? வைரத்தோடு மாத்தணுமா?" என்று கேட்டார்.

"அந்த ரிக்கார்டு மட்டும் என்கூட வரட்டும் அப்பச்சி."

அப்பச்சி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அடி கிறுக்கி, ஒனக்கில்லாததா? சாமானோட சாமானாப் பரப்பிருவோம்" என்றார். அன்று முழுக்க ஆச்சியின் கால் தரையில் பாவவில்லை.

கல்யாணத்தன்று பெண்ணின் சாமான் முழுவதையும் வளவில் பரப்பி, மாப்பிள்ளை வீட்டார் பார்வைக்கு வைப்பது முறை. மாப்பிள்ளை கண்டனூர். அந்த வீட்டுப் பெண்கள் வரிசையாக வந்து குடத்தைத் தட்டிப் பார்த்தார்கள், மங்குச் சட்டியைத் தடவிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை ரிக்கார்டு பிளேயர் அருகே நின்றார். உறையைக் கையில் எடுத்தார். தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

"இந்த நாலு ஆம்பளைக யாருத்தா? பொண்ணுகூட வாராகளா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அறை வாசலில் கழுத்து நிறைய நகையோடு நின்ற ஆச்சி தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் குனிந்தது அப்பச்சிக்குப் பொறுக்கவில்லை. "அது ஜப்பான் பாட்டுங்க. ஒருக்காக் கேட்டுப் பாருங்க, சொக்கிப் போவீக" என்று சொல்லிவிட்டு, தட்டைத் தாமே முகப்பில் இருந்த மைக்செட்காரரிடம் கொண்டுபோனார். எந்தப் பாட்டு என்றும் அவரே சொன்னார். எம் மகளுக்குப் பிடித்த பாட்டு, அதையே போடப்பா என்றாராம்.

அன்றைக்குத் தெரு முழுக்கச் சீரியல் விளக்கு. பெருமைக்காகப் பட்டப்பகலிலும் அணைக்கவில்லை. காலையிலிருந்தே மின்சாரம் நொண்டியது. மின்விசிறியின் இறக்கைகளை எண்ணலாம் போலிருந்தது. மைக்செட்காரரின் தட்டும் அதே கதியில்தான் சுற்றியது. ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து வந்தது எங்கள் பாட்டே இல்லை. அடித்தொண்டையில், இழுத்து இழுத்து, ஒரு ஆண்பிள்ளை நெஞ்சடைத்து அழுவது போல ஒரு சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. பந்தியில் பரிமாறியவர்கள் கரண்டியோடு நின்றார்கள். அந்த வருஷம் மகனைப் பறிகொடுத்திருந்த உறவுக்காரி ஒருத்தி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மத் தொடங்கினாள்.

"அடி ஆத்தீ! கல்யாண வீட்ல இழவுப் பாட்டா?" என்றார் மாப்பிள்ளையின் அத்தை. "நிப்பாட்டச் சொல்லுங்க மொதல்ல. அண்டா குண்டா எல்லாம் வரட்டும். இது எங்க வீட்டு நிலைவாசலைத் தாண்டக் கூடாது."

"இது இப்படி இருக்காது. மெதுவாச் சுத்துது" என்றாள் ஆச்சி. என் காதுக்கு மட்டும்தான் கேட்டது. கல்யாணப் பெண் சத்தம் போட்டுப் பேசலாமா? நான் அதை வாங்கி உரக்கச் சொன்னேன். கல்யாண வீட்டில் சிறுபிள்ளை கத்துவதை யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்? ஒரு லட்டைக் கையில் கொடுத்து அங்குட்டுப் போ என்றார்கள்.

அப்பச்சி தட்டோடு திரும்பி வந்தார். வியர்த்திருந்தது. "விடுத்தா. நல்லதா நாலு சாமி பாட்டு வாங்கித் தாரேன்" என்றார், மகள் முகத்தைப் பார்க்காமல்.

"சரி அப்பச்சி."

புறப்படுகிற நேரத்தில் ஆச்சி தட்டை உறையோடு என் கையில் கொடுத்து, "நீ வச்சுக்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிக்கார்டு பிளேயர் கண்டனூருக்குப் போய்விட்டது, தட்டை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்று பெரியப்பச்சி மகன் கேலி செய்தான். போடா என்றேன். என் டிரங்குப் பெட்டியில் பாவாடைகளுக்கு அடியில் அதைப் பத்திரப்படுத்தினேன். அப்பச்சி சொன்னபடியே கண்டனூருக்குச் சாமி பாட்டுத் தட்டுகள் போய்ச் சேர்ந்தன.

மறு வருஷம் ஆச்சி பேறுகாலத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. ஆத்தா அந்த மாதமே பேத்திக்கென்று ஒரு அண்டா வாங்கி அறையில் கவிழ்த்தாள். ஒரு நாள் பகலில் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வளவில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. ஆச்சி தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி பாடிக்கொண்டிருந்தாள். அதே பாட்டு. குழாயில் இழுத்த மாதிரி இல்லை. எங்கள் வளவில் கேட்ட அதே நடை, ஒரு சொல் பிசகவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஆத்தா! ஆச்சி என் ரிக்கார்டுப் பாட்டைப் பாடுறாக!"

பாட்டு சட்டென்று நின்றது. ஆத்தா ஈரக் கையோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "பச்சப்பிள்ள காதுலயா அதப் பாடுற? இழவுப் பாட்டுன்னு ஊரே சொல்லுச்சேத்தா. கண்டனூருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாக?"

"பாடலை ஆத்தா. என்னமோ வாயில வந்துச்சு. அதெல்லாம் மறந்து போச்சு."

ஆத்தா உள்ளே போனாள். மறந்து போச்சு என்றதை நான் நம்பிவிட்டேன். பெட்டியைத் திறந்து உறையை எடுத்து வந்தேன். உள்ளே இருந்த தாளில் எல்லாப் பாட்டும் அச்சடித்திருந்தது. "இந்தா, மறந்தாப் பாத்துப் பாடு" என்று அவள் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தேன்.

ஆச்சி அந்தத் தாளை மேலிருந்து கீழாக வெகு நேரம் பார்த்தாள். பிறகு தொட்டில் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. நான் தாளைப் பிடித்தபடியே நின்றேன். ஜப்பான் எழுத்து படிக்க வரவில்லை என்பதற்குப் போய் இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை.