பஞ்சுப் புகை

கும்மிடிப்பூண்டியில் எங்கள் காட்சிக்கூடத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது தொழிற்பேட்டையின் மாதிரி. அட்டையில் செய்த ஆலைகள், புகைபோக்கிகள், அவற்றின் வாயில் கருப்பு மை தோய்த்த பஞ்சு. கீழே 'வளர்ச்சியின் அடையாளம்' என்று பலகை. முப்பது வருடத்துக்கு முன்னால் அதை வைத்தவர்களுக்குப் புகை பெருமையாக இருந்தது. இப்போது வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். நிரந்தரக் காட்சி என்பதால் எதை மாற்றவும் தலைமை அலுவலக அனுமதி வேண்டும். குமாஸ்தா நான், நான்கு கடிதம் எழுதினேன். கிணற்றில் போட்ட கல்தான்.

அந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைக்க ஒப்பந்தத்தில் வந்தவள் விக்டோரியா. அப்பாவும் அம்மாவும் நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போனவர்கள். இவள் பத்து வருடம் ஓர் ஆலையில் பேக்கிங்கில் நின்றுவிட்டு இங்கே வந்தாள். புருஷன் இல்லை, மகள் காலேஜில் படிக்கிறாள், இந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. ஆனால் சும்மா இருக்கத் தெரியாத பிறவி. வருடத்துக்கு ஒருமுறை பஞ்சை மாற்றுவதும் அவள் வேலைதான். போன தை மாதம் மை புட்டியோடு நின்றவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சார், பஞ்சு மாத்துறது காட்சிய மாத்துறதா, ரிப்பேரா?"

"பராமரிப்பு."

"அப்ப பர்மிசன் வேணாம்."

அன்றைக்கே தன் வீட்டு மாடியில் ஒரு கூடையில் வெள்ளைப் பஞ்சை வைத்தாள். தொழிற்பேட்டையை ஒட்டிய வீடு, வாசலிலேயே லாரி ஓடும் சாலை. பதினைந்தாம் நாள் பஞ்சு கரிபிடித்து வந்தது. அதையே புகைபோக்கியில் செருகிச் சீட்டு ஒட்டினாள்: 'மை போடாத பஞ்சு. பதினைந்து நாள் மாடியில் இருந்தது.' அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை புதுப் பஞ்சு வந்தது. பழையதைத் தேதி போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக வைத்தாள்.

அடேயப்பா, என்ன கூட்டம். ஷிப்டு முடிந்தவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். "எங்க ஊட்டு மாடிலயும் வைக்கலாமா?" என்று பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். காலையில் பூட்டைத் திறக்க எனக்கே கை பரபரத்தது.

யாருக்கோ பொறுக்கவில்லை. மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள், ஊழியர் மை தடவி ஊரை ஏமாற்றுகிறார் என்று. விசாரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து நர்மதா என்ற அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. மைதான் என்று முடிவானால் விக்டோரியாவின் வேலை அன்றோடு சரி.

நேரம் பார்த்து வந்தது மழை. இரண்டு வாரம் விடவே இல்லை. கூடையைத் தகரத்துக்கு அடியில் நனையாமல்தான் வைத்திருந்தாள். ஆனாலும் அதிகாரி வருகிற நாள் காலையில் பஞ்சு கிட்டத்தட்ட வெள்ளையாகவே வந்தது. முன்பு வைத்ததெல்லாம் மைதான் என்று சொல்ல இது ஒன்று போதுமே.

"ஒரு சொட்டு மை போட்டுடும்மா, யாருக்குத் தெரியப்போவுது" என்றேன். வெட்கக்கேடு, சொன்னது நான்தான்.

அவள் முறைத்தாள். "மழைல தூசி அடங்கிச்சி சார். காத்து நல்லா இருந்தா நல்லா கீதுன்னுதான் காட்டணும். வேல போனா போவட்டும். பொய்ய வச்சினு நான் நிக்க மாட்டேன்." சொல்லிவிட்டு அந்த வெள்ளைப் பஞ்சையே புகைபோக்கியில் செருகினாள்.

நர்மதா பெட்டியிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக ஈர விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு புகைபோக்கியைக் காட்டினார்.

"இது மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?"

"ரெண்டு வாரமா மழ மேடம்."

அவர் வாசலுக்கு வெளியே நனைந்து கிடந்த சாலையைப் பார்த்தார். "இன்னைக்கும் கருப்பா இருந்திருந்தா, மைதான்னு எழுதிட்டுப் போயிருப்பேன்" என்றார்.

பராமரிப்புப் பதிவேட்டை வாங்கி, 'பஞ்சு: மாதம் இருமுறை மாற்றவும். பொறுப்பு: விக்டோரியா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது திரும்பி நின்றார். "அந்த வெள்ளையைப் பத்திரமா வைங்க. நம்ம ஊர்ல இப்படியும் இருக்க முடியும்னு ஜனங்க பார்க்கட்டும்."

அவருடைய ஜீப் கேட்டைத் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த விக்டோரியா, துடைப்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கூடமே அதிரச் சிரித்தாள்.