என் அலறலின் உரிமையாளர்

கல்யாணமான இரண்டே மாதத்தில், சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் மாடி உயரத்துக்குத் தொங்கினேன். கல்வராயன் மலை அருவியில் எடுத்த படம். பட்டுப்புடவையோடு பாறையில் வழுக்கி, தண்ணீருக்குள் உட்கார்ந்து, உள்நாக்கு தெரிய அலறுகிறேன். தாலி கட்டிய மகராசன் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். 'இயல்பான தருணங்களுக்கு எங்களை அணுகவும்' என்று கீழே ஸ்டூடியோக்காரரின் விளம்பரம்.

நானோ அந்த ஊர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு டீச்சர். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்னால் எவனாவது "ஆ!" என்று வாயைப் பிளப்பான். வகுப்பே குலுங்கும். இந்த லட்சணத்தில் எப்படிப் பாடம் நடத்துவது?

"நா எடுத்த படம், என்னுதுதாங்க" என்று ஸ்டூடியோக்காரர் அசையவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன்.

"படம் புடிச்ச நொடியே பதிப்புரிமை வந்துடும், எங்கியும் பதிய வேணாம். பொதுவா எடுத்தவங்களுக்குத்தான். ஆனா காசு குடுத்து எடுக்கச் சொல்லியிருந்தா, வேற ஒப்பந்தம் இல்லேன்னா, சொன்னவங்களுக்கு."

"முகம் என்னுதாச்சேங்க?"

"முகத்துக்குப் பதிப்புரிமை கெடையாதும்மா. அதுக்கு வேற வழக்கு, இழுத்துக்கினே போவும். ஆல்பம் உங்க பீரோவுல இருக்கறதாலயும் உரிமை வந்துடாது. யாரு எடுக்கச் சொன்னது?"

போட்டோ, வீடியோ, அருவிப் படம் எல்லாம் தாய்மாமன் சீர் என்று மாமாவே ஸ்டூடியோவில் பேசிப் பணம் கட்டியிருந்தார். அந்த மாமாதான் இப்போது எங்களோடு பேசுவதில்லை. அவர் சீர்த்தட்டோடு மேளதாளமாக மண்டபத்துக்குள் நுழைந்தபோது கேமராக்காரர்கள் மொட்டைமாடியில் ட்ரோன் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய ஆல்பத்தில் மாமா ஒரு மூலையில்கூட இல்லை.

மாமாவைத் தேடி நைனார்பாளையம் போனேன். கதவைத் திறந்தவர் "வா" என்றுகூடச் சொல்லவில்லை. வக்கீலம்மா சொன்னதைச் சொல்ல ஆரம்பித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இன்னா சொல்ற? அந்தப் படமெல்லாம் என்னுதா?"

"ஆமா மாமா."

"நீ வுழுந்து கெடக்கறது?"

"அதுவுந்தான்."

மீசையைத் தடவிக்கொண்டார். "உட்டேனா பாரு அவன!" என்று எழுந்தவர், சோறு போட்டுத்தான் என்னை அனுப்பினார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அடுத்த வாரம் பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்தேன். அடப்பாவி மாமா! பழைய பேனர் போய், அதைவிடப் பெரிசாகப் புதுசு. நான் அதே பாறையில், அதே வாயோடு. அருவிக்கு மேலே மேகங்களுக்கு நடுவில், சாமி படம் போல, பட்டுச்சட்டையில் சீர்த்தட்டை ஏந்தி நிற்கிறார் மாமா. ஸ்டூடியோவில் புதிதாக எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

உடனே போன் போட்டேன். "அதைக் கழட்டச் சொல்லத்தானே உங்களக் கேட்டேன்!"

"அதுக்குத்தான் போனேன். உரிமை இருக்கறவரு கழட்டவும் சொல்லலாம், போட்டுக்கன்னு அனுமதியும் குடுக்கலாம்னான் ஸ்டூடியோக்காரன். என்னையும் சேத்துப் போடறதா இருந்தா போட்டுக்கன்னு எழுதிக் குடுத்துட்டேன். உங் கல்யாணத்துல நானும் இருந்தேன்னு ஊருக்குத் தெரிய வேணாமா பாப்பா?"

திட்டத்தான் வாயெடுத்தேன், "சாப்ட்டீங்களா மாமா?" என்று கேட்டு வைத்தேன்.

அன்று வகுப்பில் எவனும் அலறவில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும் எழுந்தான்.

"டீச்சர், மேகத்துல நிக்கறது யாரு டீச்சர்?"

"ஓனர்" என்றேன். "உக்காரு."