டப்பாவில் வந்த ஆறு

புனிதா டீச்சர் மூடியைத் திறந்ததும் என் வேன் முழுவதும் ஆற்றுச் சேறு நாறும். பழைய ஐஸ்கிரீம் டப்பா அது. உள்ளே ஈர மண், அழுகின இலை, ஒரு கூழாங்கல். ஒவ்வொரு பிள்ளையின் மூக்கருகிலும் கொண்டுபோவார். தொட்டால் தொடட்டும், முகத்தைத் திருப்பினால் அடுத்த பிள்ளை. முதல் நாள் நான் மூஞ்சியைச் சுளித்தேன். டப்பா என்னிடமும் வந்தது.

"மோந்து பாருங்கண்ணே. ஒங்களுக்கும் பழகணும்ல."

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில், சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளுக்கு அவர் வகுப்பு நடத்துகிறார். சனிக்கிழமையானால் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு காஜாங்கைத் தாண்டி உலு லங்காட் பக்கம் ஓர் ஆற்றுக்குப் போவோம். எப்போதும் அதே கரை, அதே மரத்தடி. வேறு இடம் பார்க்கலாமே என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

"ஒங்க ஸ்டியரிங்கை வாரத்துக்கு ஒருக்கா எடம் மாத்தி வச்சா ஓட்டுவீங்களா?" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆள் கட்டை. கம்போங் மேடானில் பிறந்து வளர்ந்தவர். பாசாரில் மீன் வெட்டுகிறவர்கள் போடுகிற கறுப்பு ரப்பர் பூட்ஸ், தோளில் துண்டு, இரண்டும் இல்லாமல் நான் பார்த்ததில்லை. பிள்ளைகளிடம் அவர் குரல் உயராது. வேடிக்கை பார்க்கிறவர்களிடமும் உயராது, ஆனால் அது வேறு மாதிரி. ஒரு நாள் ஒருவன் அழுகிற பிள்ளையைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நேரே போய், "பாஸ், நல்லா வந்திருக்கா? எனக்கும் அனுப்புங்கலா," என்று பக்கத்திலேயே நின்றார். அவன் அழித்துவிட்டுப் போகும்வரை நகரவில்லை.

எந்தப் பிள்ளையையும் கையைப் பிடித்து இழுக்கமாட்டார். இழுத்தால் வருமாம், அடுத்த வாரம் வேனிலேயே ஏறாதாம்.

வாணி புதிதாகச் சேர்ந்த பிள்ளை. ஒன்பது வயது, பேச்சு இல்லை. வந்த இரண்டு தடவையும் வேனை விட்டு இறங்காமல் கண்ணாடியில் தலையை மோதிக்கொண்டு அழுதாள். அதனால் டீச்சர் ஒரு வேலைநாளில் தனியாக அங்கே போய், ஆற்றுச் சத்தத்தைப் போனில் பதிந்து வந்தார். வகுப்பில் முதலில் கேட்டும் கேட்காததுமாக வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். கடைசியில் வாணியே போனைத் தேடி வந்து காதில் வைத்துக்கொண்டாளாம்.

போன சனிக்கிழமை அவள் அம்மா நிரஞ்சனியும் கூட வந்தார். வேன் ஓடும்போதே சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் எறங்கலன்னா போதும் டீச்சர். வீட்டுலயே வச்சிக்கிறேன். ஜனங்க பாக்குற பார்வைய என்னால தாங்க முடியல."

டீச்சர் சரியென்று தலையை ஆட்டினார்.

ஆற்றங்கரையில் இஞ்சினை நிறுத்திக் கதவைத் திறந்தேன். தண்ணீர்ச் சத்தம், பூச்சிச் சத்தம். வாணி கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு காதைப் பொத்திக்கொண்டு கண்ணாடியில் ஒரு மோது மோதினாள். நிரஞ்சனி பையின் ஜிப்பை இழுத்து மூடினார். மற்ற பிள்ளைகள் உதவியாளரோடு மரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

டீச்சர் போனில் அந்தப் பதிவை வைத்தார். வாணி அடங்கினாள். நிறுத்தினார். மறுபடியும் மோதினாள். திரும்ப வைத்து, இந்தத் தடவை டீச்சரும் காதைக் கொடுத்துக் கேட்டார். தண்ணீர், பூச்சி, நடுவில் 'போங்க் போங்க்'. பதிந்த அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கிறவர் அந்தப் பக்கம் போயிருக்கிறார். அவருடைய ரப்பர் ஹாரனும் பதிவாகிவிட்டது.

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இவளுக்கு ஹாரனும் சேந்துதான் ஆறு. தப்பு என்னோடதுதான். அண்ணே, அடிங்க."

என் ஹாரன் லோரி ஹாரன் மாதிரி, பிள்ளை பயந்துவிடும் என்றேன்.

"வாயால அடிங்க."

பக்கத்தில் ஒரு குடும்பம் பாய் விரித்துக் கோழி சுட்டுக்கொண்டிருந்தது. என் தலையில் பாதி நரை. யோசித்தேன். டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போங்க் போங்க்."

கோழி சுட்டவர்கள் திரும்பினார்கள். வாணியும் திரும்பினாள். காதிலிருந்து ஒரு கை இறங்கியது. இன்னொரு தடவை அடித்தேன். சீட்டை விட்டு நகர்ந்து வேன் படிக்கு வந்தாள். கீழே ஈரப் புல். அங்கேயே நின்றுவிட்டாள்.

டீச்சர் அந்தப் புல்லில் மண்டிபோட்டு, ஒரு உள்ளங்கையை மேலே பார்க்க விரித்து வைத்தார். கூப்பிடவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நிரஞ்சனியின் கை பையின் மேல் அப்படியே இருந்தது.

வாணி வெறுங்காலை மெதுவாகத் தூக்கி அந்தக் கையின்மேல் வைத்தாள்.

டீச்சர் அசையாமல், மற்ற கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து எனக்கு ஒரு விரலைக் காட்டினார்: இன்னொரு தடவை.