ஹபீப் பாய் கட்டிய மிதக்கும் ஈ

திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஹபீப் முகம்மதுவை 'பிரஷ் பாய்' என்றால்தான் தெரியும். சவரக்கடைகளுக்குச் சோப்பு பிரஷ், போர்டு எழுதுகிறவர்களுக்கு அணில் வால் பிரஷ் என்று எல்லாம் அவர் கையால் கட்டியவை. ஒரு முடியை விரலில் உருட்டிப் பார்த்தே வெள்ளாடா செம்மறியா என்று சொல்லிவிடுவார்.

1956ஆம் வருஷம் தீபத்துக்கு வந்திருந்த கோதண்டராமன் அவர் கடையில் வந்து நின்றார். ஊட்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே முடியால் கட்டிய ஒரு ஈ, நைந்துபோயிருந்தது. அதன் வயிற்றுக்கடியில் தூண்டில் முள்.

"எங்க துரை ட்ரவுட் மீன் புடிக்கிறவருங்க. அந்த மீனு தண்ணி மேல உக்கார்ற ஈயைப் பாஞ்சு புடிக்கும். இந்தப் பொய் ஈ சீமையில இருந்து வந்துட்டிருந்தது, இப்ப வர்றதில்ல. உங்களால கட்ட முடியுமா?"

"முடியிலதானே கட்டியிருக்கு? முடியும்."

"ஆனா மிதக்கணும் பாய். முழுகிட்டா துரை கையால தொட மாட்டாரு."

வெள்ளாட்டு முடியில் ஹபீப் கட்டிய முதல் ஈ அசலைவிட அழகாக இருந்தது. பேசினில் விட்டதும் தண்ணீரைக் குடித்துவிட்டு அடியில் போய்ப் படுத்தது. அணில் வால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியது. ஜட்கா குதிரையின் பிடரி முடி கல்லைப் போல இறங்கியது. தேன்மெழுகு தடவினால் முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒரு மாதமாகப் பேசின் கூடத்தை விட்டு நகரவில்லை.

"ஏங்க, அந்தப் பேசினை நான் எப்பதான் கழுவறது?" என்று அவர் மனைவி சுல்தானா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

அண்ணாமலையார் கோவிலில் பூஜை செய்யும் நீலகண்ட குருக்கள், தீபத் தட்டின் இடுக்குகளைத் துலக்க ஒரு பிரஷ் கேட்டிருந்தார். அதைக் கொடுக்க ஹபீப் ஒரு நாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனார். குருக்கள் ஜபத்துக்கு உட்காரும் மான்தோல் முற்றத்துக் கொடியில் காய்ந்தது. அவர் மனைவி மங்களாம்பிகை அதன் கீழே தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். மண்ணும் தூசியும் தரையோடு ஒட்டிக் கிடக்க, தோலிலிருந்து உதிர்ந்த முடிகள் மட்டும் நீர்மேல் லேசாக ஏறிக்கொண்டு சாக்கடைக்குப் போயின. ஹபீப் அப்படியே குந்திவிட்டார்.

"என்ன பாய், சாக்கடையில என்ன தேடறேள்?" என்றார் குருக்கள்.

"இந்த முடி கொஞ்சம் குடுங்க சாமி. பிரஷ்ஷுக்கு."

வீட்டில் வெளிச்சத்தில் ஒரு முடியை நறுக்கிப் பார்த்தார். சோளத்தட்டை மாதிரி உள்ளே பஞ்சுபோல இருந்தது, அத்தனையும் காற்று. ஒரு கொத்தை முள்ளின் மேல் வைத்து நூலை இறுக்கியதும், அது தானாகவே நாலு பக்கமும் சிலிர்த்து நின்றது. கத்தரியால் உடம்பைச் செதுக்கினார். அந்த ஈ சாயந்திரம் வரை பேசினில் சுற்றிக்கொண்டேயிருந்தது.

பத்து ஈக்களைக் கோதண்டராமனுக்குத் தபாலில் அனுப்பினார். இன்னும் வேண்டும் என்று பதில் வந்தது. குருக்கள் வீட்டிலிருந்து முடியும் வந்துகொண்டிருந்தது. ஆனால் மீனைத் தொடாத மனிதரிடம் பொய் சொல்லி வாங்குகிறோமே என்று ஹபீப்புக்கு உறுத்தியது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஓர் ஈயை எடுத்துக்கொண்டு நேரே குருக்கள் வீட்டுக்குப் போனார்.

"சாமி, பிரஷ்ஷுக்குன்னு சொன்னது பொய். இதைத்தான் கட்டறேன். மீன் புடிக்க."

குருக்கள் ஈயை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "நெஜ ஈ மாதிரின்னா இருக்கு!" என்றவர் அதைத் திருப்பி ஹபீப்பின் கையில் வைத்தார். "பாய், ஜபம் பண்ற ஆசனத்து முடி இதுக்கு வேண்டாம். மனசு ஒப்பல. ஆனா வந்து சொன்னேளே, அதுவே போறும். சன்னதி தெருவுல ராஜமாணிக்கம் சாமியார்களுக்கு மான்தோல் விக்கறான். ஓரத்தை நறுக்கிக் குப்பையிலதான் போடறான். அவனைப் போய்க் கேளுங்கோ."

ராஜமாணிக்கம் ஒரு கோணிப்பை நிறைய நறுக்குத் தோல் கொடுத்தார். "அள்ளிட்டுப் போங்க பாய், எனக்குக் குப்பை கம்மியாவும்" என்றார்.

1961இல் துரை அழைத்ததன்பேரில் ஹபீப்பும் சுல்தானாவும் காட்பாடி வழியாக ரயிலேறி ஊட்டி போய்ச் சேர்ந்தார்கள். அவலாஞ்சி ஓடைக்கரையில் துரை தூண்டில் கழியை நீட்டினார். ஹபீப் வேண்டாமென்று கையசைத்துவிட்டு, ஈரப் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டார். அவருக்குத் தம் ஈயை அது மிதக்கும் மட்டத்திலிருந்து பார்க்க வேண்டும்.

துரை வீசிய ஈ நிமிர்ந்து உட்கார்ந்தபடி நீரோட்டத்தில் வந்தது. ஒரு மூக்கு மேலே எழும்பியது. ஈயைக் காணோம்.

"புடிச்சுட்டுதுங்க!" என்று சுல்தானா போர்வையை உதறிவிட்டுக் கத்தினாள்.

மீன் கரையேறிய பின் ஹபீப் ஈயைக் கழற்றி உதறி, மறுபடி தண்ணீரில் விட்டார். அப்போதும் மிதந்தது. ஆனால் அவர் நெற்றியைச் சுருக்கினார். "வால் பக்கம் கொஞ்சம் தாழுது. இன்னும் நாலு முடி ஜாஸ்தி வெச்சிருக்கணும்."

கோதண்டராமன் அதைத் துரைக்கு இங்கிலீஷில் சொன்னார். துரை சிரித்தபடி சொன்ன பதிலைத் தமிழில் திருப்பினார்: "மீன் ஒண்ணும் குறை சொல்லலியேன்னு கேக்கறாரு."

"அது எப்படிச் சொல்லும்? எனக்குத் தெரியுதே" என்றார் ஹபீப்.

மத்தியானம் அந்த மீனை அங்கேயே வறுத்தார்கள். நம் ஏரி விராலுக்கு இது ஈடாகாது என்றாள் சுல்தானா. ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே ஹபீப் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார்.